ஒரே ஆள், ஒன்றுக்கு மேற்பட்ட 'நான்'

(மூன்றாமாண்டு மாணவன், எலக்ட்ரிகல் பிரிவு)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு மலர்க் குழுவினர் வந்தபோது, "சோலார் பேனல் பத்தி ரெண்டு பக்கம் எழுதித் தர்றேன்" என்று சொல்லித் தப்பிக்கத்தான் பார்த்தேன். எலக்ட்ரிகல் படிக்கிறவனுக்கு மனநோயைப் பற்றி எழுத என்ன யோக்கியதை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நான் டாக்டர் இல்லை. ஆனால் அந்த நோய் உள்ள ஒருவன் ஒரு வருஷத்துக்கும் மேலாக எனக்கு அடுத்த கட்டிலில் படுத்திருந்தான். அது நோய் என்று தெரியாமல் அவனுக்கு நான் ஒரு கெடுதலும் செய்தேன். அதனால் எழுதுகிறேன். அவன் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர் போடவில்லை, ஊரும் போடவில்லை. யாரென்று தெரிந்தவர்கள் தெரியாதது போலவே இருந்துவிடுங்கள், ப்ளீஸ்.

இரண்டாம் ஆண்டு, மெஷின்ஸ் லேப். டி.சி. ஷன்ட் மோட்டாரில் லோடு டெஸ்ட். நான் பிரேக் டிரம்மில் தண்ணீர் ஊற்ற, அவன் அம்மீட்டர், வோல்ட்மீட்டர், ஸ்பிரிங் பேலன்ஸ் எல்லாம் பார்த்து ரீடிங் எழுதினான். ஒரு தப்பு இல்லை. மறுநாள் காலை மெஸ்ஸில் பொங்கலுக்குத் தட்டைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்கும்போது என்னிடம் கேட்டான்: "டேய், நேத்து லேப் நடந்துச்சா?"

விழுந்து விழுந்து சிரித்தோம். அன்றிலிருந்து அவனுக்கு 'லேப் நடந்துச்சா' என்றே பெயர் வைத்தாயிற்று.

இரண்டு வாரம் கழித்து ரெக்கார்ட் நோட்டு காட்ட வேண்டிய நாள். முன்பக்கங்களில் அவனுடைய வழக்கமான, சாய்ந்த பெரிய கையெழுத்து. ஷன்ட் மோட்டார் சோதனை மட்டும் நிமிர்ந்த பொடி எழுத்தில், கோடு போட்டது போல இருந்தது. சார் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யாரை வெச்சுடா எழுதினே?" அவனும் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். "தெரியல சார்." வகுப்பே சிரித்தது. சார் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார், ஒரே பேட்ச் ஆயிற்றே. "நான் எழுதல சார். வெளியில காசு குடுத்து எழுத வெச்சிருப்பான்" என்றேன். முதல் வாக்கியம் கேட்ட கேள்விக்குப் பதில். இரண்டாவதை யாரும் கேட்கவில்லை, நானாகச் சொன்னேன். அந்த ரெக்கார்ட் கேன்சல் ஆனது. இன்டர்னல் மார்க்கும் போயிற்று.

அவன் பொய் சொல்லவில்லை என்று எனக்குப் புரிய இன்னும் ஏழு மாதம் ஆனது.

பெயரிலிருந்து தொடங்குவோம்

இந்த நோய்க்கு இப்போது மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர் டிஸோசியேட்டிவ் ஐடென்டிட்டி டிஸ்ஆர்டர். சுருக்கமாக டி.ஐ.டி. என்பார்கள். 1980-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் மல்டிபிள் பெர்சனாலிட்டி டிஸ்ஆர்டர் என்ற பெயரில் இடம் பிடித்தது. 1994-ல் பெயரை மாற்றினார்கள். பெயர் மாற்றத்துக்குக் காரணம் உண்டு. 'பல ஆளுமை' என்றால் ஒரு உடம்புக்குள் நாலைந்து பேர் குடித்தனம் இருப்பது போல ஒரு எண்ணம் வருகிறது. உள்ளதோ ஒரே ஆள்தான். அந்த ஒரு ஆளின் நினைவு, உணர்ச்சி, 'நான்' என்ற எண்ணம் எல்லாம் ஒன்றாகக் கோக்கப்படாமல் தனித்தனித் துண்டாக நிற்கின்றன. கூடிப்போன வியாதி என்பதைவிடக் கூடாமல் போன வியாதி என்று எங்கள் டாக்டர் சொன்னார்.

மனம் இப்படிக் கழன்று நிற்பது எல்லோருக்கும் கொஞ்சம் உண்டு. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் இறங்க வேண்டிய ஸ்டாப் தாண்டிப் போனது தெரியாது. மத்தியானம் முதல் பீரியடில் சார் பேசுவது காதில் விழுகிறது, மனசுக்குள் போகவில்லை. பைக் ஓட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்திருப்போம், நடுவில் சிக்னலில் நின்றோமா என்றே ஞாபகம் வராது. இதெல்லாம் நோயில்லை. விபத்தில் சிக்கியவர்கள் சிலர் "என்னை நானே மேல இருந்து பார்க்கிற மாதிரி இருந்துச்சு" என்பார்கள். அது அடுத்த படி. இன்னும் தள்ளிப் போனால், வாழ்க்கையில் சில மணி நேரமோ சில நாளோ மொத்தமாகக் காணாமல் போகும். கோட்டின் கடைக்கோடியில் இருப்பதுதான் டி.ஐ.டி.

அந்தக் கோட்டின் நடுவில் நடந்த ஒரு பழைய கதையைச் சொல்லாமல் நகர மனசில்லை. அமெரிக்காவில் ரோட் ஐலண்டைச் சேர்ந்த ஆன்செல் போர்ன் என்ற மதபோதகர் 1887 ஜனவரி 17 அன்று பாங்கிலிருந்து 551 டாலர் எடுத்துக்கொண்டு போனவர், காணாமல் போனார். மார்ச் 14 அன்று காலையில் பென்சில்வேனியாவில் நாரிஸ்டவுன் என்ற ஊரில் திடுக்கென்று விழித்து, "நான் எங்கே இருக்கிறேன்?" என்று அலறினார். அக்கம்பக்கத்தாருக்கு அவர் ஏ. ஜே. பிரவுன். சில வாரங்களாக அங்கே சின்னதாக ஒரு பெட்டிக்கடை வைத்து மிட்டாயும் பழமும் காகிதச் சாமான்களும் விற்று வந்த அமைதியான மனிதர். பிரவுன் யார் என்று போர்னுக்குத் தெரியவில்லை! 1890-ல் வில்லியம் ஜேம்ஸ் என்ற உளவியல் பேராசிரியர் அவரை ஹிப்னாடிச உறக்கத்தில் ஆழ்த்தியபோது பிரவுன் வந்து பேசினார். அந்த இரண்டு மாதக் கதையும் அவரிடம்தான் இருந்தது. பிரான்சில் பியர் ஜானே என்பவர் ஏறக்குறைய அதே காலத்தில், 1889-ல், மனம் அதிர்ச்சியில் துண்டுபடுவதைப் பற்றிப் பெரிய ஆய்வே வெளியிட்டிருந்தார். ஆகவே இது சினிமாக்காரர்கள் கண்டுபிடித்த நோய் இல்லை.

எம்.சி.பி. மாதிரி ஒரு ஏற்பாடு

ஏன் வருகிறது? நம் பாஷையில் சொல்லிப் பார்க்கிறேன். வீட்டு டிஸ்ட்ரிபியூஷன் போர்டில் அறைக்கு ஒரு சர்க்யூட், அதற்கு ஒரு எம்.சி.பி. சமையலறையில் ஷார்ட் ஆனால் அந்த எம்.சி.பி. மட்டும் ட்ரிப் ஆகும். ஹாலில் விளக்கு எரியும், ஃபேன் சுற்றும், வீட்டில் வேலை நடக்கும். சின்னக் குழந்தைக்குத் தாங்க முடியாத ஒன்று நடக்கிறது. நாலு வயசு, ஐந்து வயசு. ஓடிப் போக முடியாது, எதிர்த்து அடிக்க முடியாது, செய்கிறவரே சோறு போடுகிறவராக இருந்தால் சொல்லவும் இடமில்லை. காலையில் எழுந்து ஸ்கூலுக்கும் போயாக வேண்டும். அப்போது மனம் அந்தப் பகுதியை மட்டும் துண்டித்து வைக்கிறது. "இது எனக்கு நடக்கல, வேற யாருக்கோ நடக்குது." அதுதான் அந்தக் குழந்தைக்குக் கிடைத்த ஒரே பாதுகாப்பு.

ஒரு தடவை நடந்தால் டி.ஐ.டி. ஆவதில்லை. வருஷக் கணக்கில் திரும்பத் திரும்ப நடக்கும்போது, அதுவும் 'நான்' என்ற எண்ணம் இன்னும் ஒன்றாகத் திரண்டு உறைந்திருக்காத சின்ன வயசில் நடக்கும்போது, துண்டித்த சர்க்யூட்டுகள் துண்டித்தபடியே நின்றுவிடுகின்றன. ஒவ்வொன்றும் தனி நினைவு, தனிக் குணம், தனி வயசு என்று வளர்கிறது. மேலை நாடுகளில் இந்நோய் கண்டவர்களில் சுமார் 90 சதவீதம் பேர் குழந்தைப் பருவத்தில் கொடுமையோ புறக்கணிப்போ அனுபவித்ததாகச் சொல்கிறார்கள். மீதிப் பேரில் சின்ன வயசிலேயே பல ஆபரேஷன், போர், கண்ணெதிரே சாவு என்று வேறு காரணங்கள் உண்டு. எம்.சி.பி. உவமை இதோடு சரி. எம்.சி.பி.யை விரலால் தள்ளினால் மேலே போய்விடும். இது போகாது.

சரி, என் அறைத் தோழனுக்கு என்ன நடந்தது? அது எனக்கு ஓரளவு தெரியும். இங்கே எழுதமாட்டேன். அது அவனுடையது.

நான் பார்த்தும் பார்க்காமல் விட்டவை

இப்போது திரும்பிப் பார்த்தால் எல்லாமே கண்ணெதிரில்தான் இருந்தது.

முதலாவது, காணாமல் போகும் நேரம். டி.ஐ.டி.யின் முதுகெலும்பே இதுதான் என்று சொல்லலாம். சாவியை எங்கே வைத்தோம் என்று மறப்பது வேறு. அவன் சட்டைப் பையில் திருச்சி பஸ் டிக்கெட் இருக்கும், போனது தெரியாது. தலையணைக்கடியில் வண்ணப் பென்சில் டப்பா இருந்தது. "யாருதுடா இது?" என்று எங்களிடமே கேட்டான். கடைக்காரர் ஒருவர் பழகியவர் போல அவனிடம் பேச, இவன் திருதிருவென்று விழித்ததைப் பார்த்திருக்கிறேன். நேற்று நன்றாகப் போட்ட சர்க்யூட் டயக்ராம் இன்று வராது, அடுத்த வாரம் மறுபடியும் வரும். கொடுமை என்னவென்றால், இப்படிப்பட்டவர்கள் இதை மறைப்பதில் கெட்டிக்காரர்கள். மறதியைச் சிரிப்பால் மூடுவார்கள். "ஆமா ஆமா" என்று தலையாட்டி, மற்றவர் பேச்சிலிருந்து நடந்ததைக் கோத்துக்கொள்வார்கள். சின்ன வயசிலிருந்தே அப்படி என்பதால், எல்லோருக்கும் இப்படித்தான் இருக்கும் என்றுகூட நினைத்துக்கொண்டிருப்பார்கள். அவன் அப்படித்தான் நினைத்திருந்தான்.

இரண்டாவது, ஆள் மாறுவது. சினிமாவில் முடியைச் சிலுப்பிக் கண்ணை உருட்டி மாறுவார்களே, அது மாதிரி ஒரு நாளும் நடக்கவில்லை. பெரும்பாலானவர்களுக்கு மாற்றம் வெளியே தெரிவதே அபூர்வம் என்கிறார்கள். ஒரு நிமிஷம் பார்வை எங்கோ நிலைக்கும், வேகமாகக் கண் சிமிட்டுவான், நெற்றியைத் தேய்ப்பான், அவ்வளவுதான். எனக்குப் பின்னால் புரிந்த ஒரு விஷயம், அவன் என்னைக் கூப்பிடும் விதம். சாதாரணமாக "டேய்", "மச்சி". வராந்தாவில் வார்டன் யாரையாவது சத்தம் போட்டுத் திட்டினால், குரல் சின்னதாகி "அண்ணே, லைட்டை அணைக்காதீங்கண்ணே" என்பான். எனக்கும் அவனுக்கும் ஒரே வயசு! கிண்டல் பண்ணுகிறான் என்று நினைத்தேன். வேறு சில நாட்களில், முதுகு நிமிர்ந்து, "தம்பி, நீங்க உங்க வேலையப் பாருங்க" என்று பெரிய மனுஷன் மாதிரி பேசுவான். அந்தப் பொடிக் கையெழுத்தும் இந்தப் பெரிய மனுஷனுடையதுதான். படிப்பைப் பார்த்துக்கொண்டது அவர்தான் என்று டாக்டரிடம் போன பிறகு தெரிந்தது. இப்படி ஒவ்வொரு நிலைக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஒன்று படிக்கும், ஒன்று பயப்படும், ஒன்று கோபப்பட்டுக் காவல் காக்கும்.

மற்றபடி தலைவலி, ராத்திரி அலறி எழுவது, தன் கை தன்னுடையது மாதிரி இல்லை என்பது, உள்ளே யாரோ பேசிக்கொள்வது கேட்பது, பிளேடால் முன்கையில் கீறிக்கொள்வது. இந்தக் கடைசி விஷயத்தை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். டி.ஐ.டி. உள்ளவர்களில் சிகிச்சைக்கு வருவோரில் 70 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் ஒரு முறையாவது தற்கொலைக்கு முயன்றவர்கள் என்று 2013-ல் வந்த அந்த அமெரிக்கக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு சொல்கிறது. அவர்களால் மற்றவர்களுக்கு ஆபத்து என்று பயப்படுகிறோம். ஆபத்து பெரும்பாலும் அவர்களுக்குத்தான்.

ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு, "எனக்கும் பஸ் ஸ்டாப் தாண்டிப் போச்சு, எனக்கும் டி.ஐ.டி." என்று கிளம்பிவிடாதீர்கள். ரீல்ஸில் ஒரு நிமிஷ வீடியோ பார்த்துத் தனக்குத் தானே நோய் தீர்மானித்துக்கொள்கிறவர்கள் இப்போது நம் ஹாஸ்டலிலேயே உண்டு. தூக்கமின்மை, குடி, கஞ்சா, காக்காய் வலிப்பின் சில வகைகள், தலையில் அடி, இவையெல்லாமும் நினைவை விழுங்கும். இவை இல்லை என்று பார்த்த பிறகுதான் டாக்டரே வாயைத் திறப்பார்.

ஸ்கிசோஃப்ரினியாவோடும் இதைக் குழப்பக்கூடாது. 1908-ல் அந்தப் பெயரை வைத்தவர் 'பிளவுபட்ட மனம்' என்ற பொருள் வரும்படி வைத்துவிட்டதால் வந்த வினை! அங்கே ஒரே 'நான்'தான், ஆனால் உலகம் திரிந்து தெரியும். இல்லாத சதி இருப்பதாகப் படும், குரல் பெரும்பாலும் வெளியிலிருந்து கேட்கும். இங்கே உலகம் சரியாகத்தான் தெரிகிறது, 'நான்'தான் தொடர்ச்சியாக இல்லை. மருந்தும் வேறு, வைத்தியமும் வேறு. இரண்டையும் பிரித்தறியாமல் வருஷக் கணக்கில் மாத்திரை தின்றவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு.

அம்பியும் கங்காவும்

தமிழ்நாட்டில் இந்த நோயின் பெயரைப் பரப்பியது சினிமாதான். 2005-ஆம் வருஷம் ஏப்ரலில் 'சந்திரமுகி', ஜூனில் 'அந்நியன்'. இரண்டுக்கும் மூத்தது 1993-ல் வந்த மலையாளப் படமான 'மணிச்சித்திரத்தாழ்', அதில் நடித்த ஷோபனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. 'அந்நியன்' படத்தில் அம்பியின் தங்கை மின்சாரம் தாக்கிச் சாகிறாள், அந்த அதிர்ச்சிதான் மூலம் என்று காட்டுவார்கள். நாம் எலக்ட்ரிகல்காரர்கள், அந்தக் காட்சியை மறக்க முடியுமா? சின்ன வயசுக் காயத்தில் தொடங்குகிறது என்று சொன்னதில் படம் சரி. ஆனால் கொலைகாரனாக்கியதில்தான் எனக்கு மனத்தாங்கல். என் நண்பனுக்கு 'அந்நியன்' என்று பெயர் வைத்து, அவன் தூக்கத்தில் பிதற்றியதை ஒருவன் செல்போனில் வீடியோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டான். அந்த வீடியோவுக்குச் சிரிப்புப் பொம்மை அனுப்பியவர்களில் நானும் ஒருவன்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1957-ல் 'ஈவின் மூன்று முகங்கள்' என்ற புத்தகமும் அதை வைத்து ஒரு படமும் வந்தன. நடித்த ஜோன் உட்வர்டுக்கு ஆஸ்கார் கிடைத்தது. நிஜ 'ஈவ்' ஆன கிறிஸ் காஸ்ட்னர் சைஸ்மோர், பல வருஷம் கழித்துத் தானே முன்வந்து, 1977-ல் சொந்தமாகப் புத்தகம் எழுதினார். படம் முடிந்தபோது நான் குணமாகவே இல்லை, மூன்று முகம் என்றது தப்பு, இருபதுக்கும் மேல் இருந்தன என்றார். பிற்பாடு உண்மையிலேயே தேறி, ஓவியம் வரைந்து, மேடையேறிப் பேசி, 2016 வரை வாழ்ந்தார்.

1973-ல் வந்த 'சிபில்' என்ற புத்தகமோ வேறு மாதிரி. பதினாறு ஆளுமைகள் என்று பரபரப்பாக விற்றது. அதன் பிறகு அதுவரை அபூர்வமாக இருந்த நோய் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கில் தென்பட ஆரம்பித்தது. அந்தப் பெண்ணுக்கு மயக்க ஊசி போட்டு, கேள்வியாலேயே கதையை ஊட்டிவிட்டார் டாக்டர் என்று 2011-ல் டெபி நேதன் என்ற பத்திரிகையாளர் ஒரு புத்தகமே எழுதினார். எனவே 'இது நிஜ நோயா, டாக்டரும் சினிமாவும் சேர்ந்து உண்டாக்கியதா' என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. ஹிப்னாடிசம் செய்து 'புதைந்த நினைவைத் தோண்டுவது' இல்லாத நினைவையும் உண்டாக்கிவிடும் என்பது மட்டும் இன்று தெளிவு.

என் கட்சி என்ன என்று கேட்டால், நான் மீட்டரை நம்புகிறவன். 2012-ல் நெதர்லாந்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், டி.ஐ.டி. உள்ளவர்களையும், அதே மாதிரி நடிக்கப் பயிற்சி தந்த சாதாரண ஆட்களையும் ஸ்கேனில் வைத்துப் பார்த்தார்கள். நடித்தவர்களின் மூளை ரத்த ஓட்டம் நோயாளிகளுடையதைப் போல மாறவில்லை. ஜெர்மனியில் இன்னும் ஆச்சரியம். 2015-ல் வெளியான ஒரு நோயாளியின் கதை: விபத்துக்குப் பிறகு பல வருஷம் பார்வையில்லாமல் இருந்த பெண், சிகிச்சையின்போது சில ஆளுமை நிலைகளில் மட்டும் பார்க்க ஆரம்பித்தார். தலையில் எலெக்ட்ரோடு வைத்துப் பார்த்தால், பார்க்கும் நிலையில் கண் வழியாக வரும் சிக்னலுக்கு மூளையில் அலை எழுகிறது. பார்க்காத நிலையில் அந்த அலையே இல்லை! அதே கண், அதே நரம்பு, அதே ஆள். இதை நடிப்பு என்று எப்படிச் சொல்வது?

வேப்பிலையும் சங்கிலியும்

ஒரு ராத்திரி அவன் வராந்தாவில் விழுந்து கை கால் வெட்டினான். அரசு ஆஸ்பத்திரியில் இ.இ.ஜி. எடுத்துப் பார்த்து வலிப்பு இல்லை என்றார்கள். வலிப்பு இல்லை என்றதும் ஹாஸ்டலில் 'அப்போ நடிப்பு' என்றார்கள், ஊரில் 'அப்போ பேய்' என்றார்கள். இந்தியாவில் மனம் கழன்று நிற்கும் நோய்கள் பெரும்பாலும் இந்த உருவில்தான் வெளிப்படுகின்றன. வலிப்பு போன்ற வெட்டு, அல்லது சாமியோ பேயோ இறங்கிப் பேசுவது. உலகக் கையேடுகளும் இதை இப்போது கணக்கில் எடுத்துக்கொண்டிருக்கின்றன. வேறு ஆவி புகுந்தது போல வெளிப்படும் டி.ஐ.டி.யும் உண்டு என்று 2013-ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே இருக்கிறது.

இதனால் கோயில் கொடையில் சாமியாடும் நம் சித்தப்பாவுக்கு நோய் என்று நான் சொன்னதாக நினைக்க வேண்டாம்! உடுக்கை அடிக்கும்போது வந்து, குறி சொல்லி, திருநீறு பூசியதும் மலையேறிவிடுகிறது. ஊர் ஏற்றுக்கொள்கிறது, அவருக்கும் கஷ்டமில்லை. அதே கையேடு இதை நோயில்லை என்று தனியாகவே ஒதுக்கியிருக்கிறது. கேட்காமல் வந்து, சொன்னால் போகாமல், படிப்பையும் பிழைப்பையும் கெடுத்து, ஆளை வதைத்தால்தான் நோய்.

அவன் அம்மா பயந்துபோய் ஒரு கோடாங்கியிடம் கூட்டிப்போனார். வேப்பிலையால் அடித்து, மிளகாய்ப் புகை காட்டியிருக்கிறார்கள். பதினைந்து நாள் கழித்து, கையில் மூன்று மந்திரிச்ச கயிறும் மணிக்கட்டில் வேறு கயிற்றின் தழும்புமாக வந்தான். அந்த அம்மாவை நான் குறை சொல்லமாட்டேன். அவர் கையில் இருந்த ஒரே வழி அது. ஆனால் 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் காப்பகக் கொட்டகையில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் ஓட முடியாமல் மாண்டார்களே, அதை நாம் மறக்கலாமா? 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியில் கட்டக்கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது.

குழந்தைக் காலத்தில் கட்டுண்டு தவித்ததால் வந்த நோய்க்கு, மறுபடியும் கட்டி வைத்து அடிப்பது என்ன வைத்தியம்?

டாக்டர் செய்தது, நாம் செய்யக்கூடியது

எங்கள் கெமிஸ்ட்ரி மேடம்தான் வழி காட்டினார். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது என்பதே எனக்கு அதுவரை தெரியாது. டாக்டர் முதல் நாளே நோயின் பெயரைச் சொல்லவில்லை. மாதக் கணக்கில் பேசினார். மேல்நாட்டிலேயே சரியான பெயர் கண்டுபிடிக்கச் சராசரியாக ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிடுகிறது என்று படித்தபோது, எங்கள் டாக்டர் சீக்கிரம்தான் என்று தோன்றியது.

டி.ஐ.டி.க்கென்று மாத்திரை கிடையாது. கூட வரும் மனச்சோர்வுக்கும் தூக்கமின்மைக்கும் உண்டு. வைத்தியம் பேச்சுதான், அதுவும் மூன்று கட்டமாக. முதலில் ஆளைப் பத்திரப்படுத்துவது: தூக்கம், கீறிக்கொள்ளாமல் இருப்பது, இப்போது எந்த வருஷம், எந்த இடம் என்ற பிடிமானம். அதன் பிறகுதான் பழைய காயத்தைத் தொடுவார்கள், அதுவும் மெதுவாக. கடைசியில் துண்டுகள் ஒன்றையொன்று தெரிந்துகொண்டு சேர்ந்து வாழ்வது. அவசரப்பட்டு இரண்டாவது கட்டத்தில் குதித்தால் உள்ளதும் கெடும். வருஷக் கணக்கில் ஆகும்.

அறைத் தோழர்களான எங்களுக்கு டாக்டர் சொன்னது சின்னச் சின்ன விஷயம்தான். அவன் கண் நிலைத்துப் போனால் தொட்டு உலுக்காதே. மெதுவாக அவன் பெயரைச் சொல்லி, நீ யார், இது என்ன இடம், என்ன கிழமை என்று சொல். பாதத்தைத் தரையில் அழுத்தி வைக்கச் சொல். அறையில் தெரியும் ஐந்து பொருளைச் சொல்லச் சொல். குளிர்ந்த தண்ணீர் டம்ளரைக் கையில் கொடு. "இப்ப யாரு பேசறது?" என்று நோண்டாதே, துண்டுகளுக்குப் பெயர் வைத்து விளையாடாதே. சின்ன வயசில் என்ன நடந்தது என்று துருவாதே. நடந்ததை மறந்துவிட்டான் என்றால் "பொய் சொல்றியா?" என்று கேட்காமல், நடந்ததைச் சொல்லு. அதற்காக நாங்கள் கதவுக்குப் பின்னால் ஒரு நாற்பது பக்க நோட்டைத் தொங்கவிட்டோம். யார் கண்ணில் எது பட்டாலும் தேதி போட்டு எழுதி வைப்போம். 'செவ்வாய், லேப் நடந்தது, நீ வந்தாய், ஆறு ரீடிங் எடுத்தாய்.' காலையில் பல் விளக்கும்போது அதைப் படிப்பான். கொஞ்ச நாளில் அந்த நோட்டில் பொடிக் கையெழுத்திலும் பதில் வர ஆரம்பித்தது.

தற்கொலைப் பேச்சு வந்தால் மட்டும் ரகசியம் காக்காதீர்கள். தனியே விடாதீர்கள், வார்டனையோ வாத்தியாரையோ எழுப்புங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் எண் 14416. இருபத்து நாலு மணி நேரமும், காசில்லாமல், தமிழில் பேசலாம். ஒரு குழந்தைக்கு இப்போது கொடுமை நடப்பது தெரிந்தால் 1098. அது பாலியல் கொடுமை என்றால், தெரிந்தும் மறைப்பது 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி குற்றம்.

அவனுக்கு ஒரு வருஷம் போயிற்று. அட்டெண்டன்ஸ் போதவில்லை. இப்போது எங்களுக்கு ஒரு பேட்ச் பின்னால் படிக்கிறான். 'லேப் நடந்துச்சா' என்று அவனை யாரும் கூப்பிடுவதில்லை. முழுக்கக் குணமாகிவிட்டதா என்றால் இல்லை. ஆனால் காணாமல் போகும் நேரம் குறைந்திருக்கிறது. தனக்கு நேரம் காணாமல் போகிறது என்பதையே மறைக்காமல் சொல்லத் தொடங்கியிருக்கிறான். இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும் முன் அவனிடம் படிக்கக் கொடுத்தேன். இரண்டு வரிகளை அடித்தான். அந்த இரண்டு வரியும் இதில் இல்லை.

போன மாதம் அந்த மெஷின்ஸ் லேப் சாரைப் போய்ப் பார்த்தேன். ஸ்டாஃப் ரூமில் தனியாக இருந்தார். அன்று நான் சொன்னது நானாகக் கட்டியது, அந்த ரெக்கார்டை அவனேதான் சார் எழுதினான் என்று எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார்.

"அப்பவே சொல்லியிருக்கக் கூடாதாப்பா?" என்றார்.

"அப்ப எனக்குத் தெரியாது சார்" என்றேன்.